மூன்றாவது அழைப்பு

ஆர்டிஸ் ப்ரெக்கியை ஒரு வாய் காப்பி குடிக்க வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. முதல் தடவை கேட்டால், "ஐயோ, எனக்காகப் போடாதீங்க" என்பாள். இரண்டாவது தடவை கேட்டால், "உங்களுக்கு இருக்கிற வேலை போதாதா" என்பாள். மூன்றாவது தடவையும் கேட்டால்தான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "சரி, பானையில மிச்சம் இருந்தா அரைக் கோப்பை" என்று வருவாள். அப்புறம் அந்த அரைக் கோப்பையை நாலு தடவை குடிப்பாள்.

எங்கள் ஊரில் எல்லோருமே அப்படித்தான், நான் உட்பட. நார்வேயிலிருந்து கப்பலேறி மினசோட்டாவுக்கு வந்த எங்கள் முன்னோர் நிலபுலன் எதையும் கொண்டுவரவில்லை, இந்த ஒரு பழக்கத்தை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். முதல் அழைப்பு மரியாதைக்கு. இரண்டாவது ஒப்புக்கு. மூன்றாவதுதான் மனசிலிருந்து வருவது. முதல் அழைப்புக்கே தலையாட்டுகிறவனைச் சோற்றுக்கு அலைகிறவன் என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். நாலாவது தடவை கூப்பிட்டால் அது தொந்தரவு. யாரும் கூப்பிடாமல் தானே போய் நிற்பதையோ, பிச்சைக்காரன்கூடச் செய்ய மாட்டான். இதெல்லாம் எங்கேயும் எழுதி வைத்ததில்லை. பிறந்த குழந்தைக்குப் பால் குடிக்கத் தெரிகிற மாதிரி எங்களுக்குத் தெரியும்.

ஆனால் நாங்களெல்லாம் அவசரத்துக்கு ஏமாற்றுவோம். பசித்தால் இரண்டாவது அழைப்புக்கே உட்கார்ந்துவிடுவோம். ஆர்டிஸ் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. அவ்வளவு சுத்தமாக வேண்டாமென்று சொல்லி, அவ்வளவு அழகாகச் சம்மதித்து, சம்மதித்த பிறகு அவ்வளவு ஒழுங்காக வந்து நின்றவளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. விருந்துக்கு வரச் சொன்னால் நேரத்துக்கு முன்பே வந்துவிடுவாள், வந்தவள் வாசல் பக்கம் காரை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்திருப்பாள். சொன்ன நேரம் அடிக்கும்போது கதவைத் தட்டுவாள். கையில் பேரீச்சம்பழமும் ஓட்ஸும் வைத்துச் சுட்ட துண்டுகள், வெள்ளைத் துணியில் சுற்றி. மறுநாள் காலை நன்றி சொல்லித் தொலைபேசி வரும். நம் பாத்திரம் அவள் வீட்டுக்குப் போனால் ஒருபோதும் காலியாகத் திரும்பாது.

இந்தப் பழக்கம் அவளுக்கு ஒரு தடவை ஒரு மாப்பிள்ளையையே இல்லாமல் செய்திருக்கிறது. அதை அவள் வாயாலேயே கேட்டேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் என் வீட்டில் உட்கார்ந்து இருவரும் உருளைக்கிழங்கு ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தோம். ஐனார் என்று ஒருவன், நல்ல உயரமாம், புதுக் கார் வைத்திருந்தானாம். மாவட்டச் சந்தைக்கு என்னோடு வருகிறாயா என்று அவள் வீட்டு வாசலில் வந்து கேட்டிருக்கிறான். இவள் வழக்கம்போல, வேண்டாம், உனக்கெதற்குச் சிரமம் என்றிருக்கிறாள். அவன் அம்மா ஐரிஷ்காரி, அவனுக்கு எங்கள் கணக்குத் தெரியவில்லை. சரி என்று போய்விட்டான். அந்த வருஷமே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு மொன்டானா போனான்.

"இன்னும் ரெண்டு தடவை கேட்டிருந்தான்னா இன்னிக்கு நான் மொன்டானாவுல மாடு மேய்ச்சிட்டிருப்பேன்" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அவன் கார் திரும்பிப் போற வரைக்கும் நான் கதவுக்குப் பின்னாடியே நின்னேன், வயோலா. தொப்பியெல்லாம் போட்டுக்கிட்டு."

அப்போது எனக்கு அது வேடிக்கைக் கதையாகத்தான் பட்டது. இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

தில்மர் ப்ரெக்கி எங்கள் ஆள். வைக்கோல் வயலில் ஒரு தடவை, சர்ச் படியில் ஒரு தடவை, அவள் அப்பா முன்னால் ஒரு தடவை என்று முறையாகக் கேட்டான். மூன்றாவதற்கு இவள், "உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா சரி" என்றாளாம். கல்யாணத்துக்கே அப்படிப் பதில் சொன்ன மகராசி. பிள்ளை இல்லை. இருந்தாலும் சண்டை சச்சரவில்லாத குடித்தனம். தில்மர் டிராக்டர் மேலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போன பிறகு, நிலத்தைக் கொழுந்தன் ஹால்வரிடம் விட்டுவிட்டு, தெற்குச் சாலை வீட்டில் தனியாக இருந்தாள். அந்த வீட்டுச் சமையலறையில் ஒரு விறகடுப்பு இருந்தது, இரும்பில், யானைக்குட்டி கணக்காய். மின்சார அடுப்பு வாங்கியதும் இடத்தை அடைக்கிறதென்று அதைக் கொடுத்துவிட்டாள். கொடுக்காதே என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். கீழறையில் எண்ணெயில் எரியும் சூடேற்றி இருக்கிறதே, அது போதாதா என்றாள். அந்தச் சூடேற்றி ஓடுவதற்கும் மின்சாரம் வேண்டும் என்பதையும் அவளிடம் எடுத்துச் சொன்னேன். புன்னகை செய்தாள், அவ்வளவுதான்.

தெற்குச் சாலையில் அப்போது நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒரே தொலைபேசிக் கம்பி. சுவரில் மாட்டிய பழைய மரப்பெட்டி, கைப்பிடியைச் சுழற்றினால் மணி அடிக்கும். ஒரு நீளம் இரண்டு குட்டை என்றால் ஆர்டிஸுக்கு. மற்ற வீடுகளுக்கு வேறு வேறு. யாருக்கு மணி அடித்தாலும் நாலு வீட்டிலும் கேட்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துக் காதில் வைத்துக்கொள்ளலாம். எல்லோரும் எடுப்பார்கள். பனிக்காலத்தில் வேறென்ன பொழுதுபோக்கு இருக்கிறது? ஆனால் அதற்கும் ஒரு மரியாதை உண்டு. ஒட்டுக்கேட்கலாம், பேசக் கூடாது. கேட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. சம்பந்தப்பட்டவளே வந்து விஷயத்தைச் சொல்லும்போது வாயைப் பிளந்து "அப்படியா!" என்று சொல்ல வேண்டும். ஆர்டிஸின் எதிர் வயலில் இருந்த பெர்னிஸ் அந்த "அப்படியா"வைச் சொல்கிற அழகுக்குப் பதக்கமே கொடுக்கலாம். நான் டவுனில் இருந்தேன், வேறு கம்பி. அதனால் இதெல்லாம் எனக்கு பெர்னிஸ் சொல்லித்தான் தெரியும்.

நாலாவது வீட்டுக்கு அந்த இலையுதிர் காலத்தில்தான் புதிதாக ஆள் வந்தது. நியூ ஜெர்சிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம். புருஷன் வின்ஸுக்குச் பீட்ரூட்டிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலையில் வேலை. மனைவி ரோஸலிண்ட், இரண்டு சின்னக் குழந்தைகள். பெரிய குரல், பெரிய மனசு. கத்தோலிக்கர்கள், அதனால் எங்கள் சர்ச்சுக்கு வருவதில்லை, எனக்குப் பழக்கமும் இல்லை. வந்த புதிதில் அவள் ஆர்டிஸையும் பெர்னிஸையும் வீட்டுக்கு வரவழைத்திருக்கிறாள். காப்பி வேண்டுமா என்று ஒரு தடவை கேட்டாள். இருவரும் வேண்டாம் என்றார்கள். அவளும் சரியென்று தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மதியம் முழுக்க இவர்கள் இருவரும் அவள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெர்னிஸ் இந்தக் கதையைச் சர்ச் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "இந்தாம்மா, இங்கெல்லாம் மூணு தடவை கேக்கணும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லிவிட்டால் வேடிக்கை போய்விடுமே!

ஜனவரியில் அந்த வெள்ளிக்கிழமை காலையில் வெயில் அடித்தது. பனியெல்லாம் சொட்டுகிற அளவுக்கு இதமாக இருந்தது, காற்று ஒரு துளி அசையவில்லை. என் புருஷன் ஆர்வில் மாவட்டத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். வாசலில் நின்று வடமேற்கே பார்த்தவர், முகம் மாறி உள்ளே வந்து மண்ணெண்ணெய் எவ்வளவு இருக்கிறதென்று கேட்டார். அவர் வீட்டு விஷயம் எதையும் விசாரிக்கிற ரகமில்லை.

மதியம் பனிப்புயல் வந்தது. வந்தது என்றால், அடிவானத்தில் வெள்ளையாக ஒரு சுவர் எழும்பி, அப்படியே ஊர் மேல் சாய்ந்தது. வாசலில் நின்ற எங்கள் கார் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் டவுனிலிருந்து கிராமத்துக்குப் போகும் தொலைபேசிக் கம்பி அறுந்தது. நான் ஆர்டிஸைக் கூப்பிட்டுப் பார்த்தேன், பெட்டி செத்துக் கிடந்தது. பிறகு மின்சாரமும் போனது. என் மண்ணெண்ணெய் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தபோது என் மனசு முழுக்க அந்த விறகடுப்புதான் இருந்தது.

தெற்குச் சாலையில் மட்டும் நாலு வீட்டுக்கும் இடையே கம்பி உயிரோடு இருந்தது. கைப்பிடி சுழற்றும் பெட்டிக்கு டவுனும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். பெர்னிஸ் வீட்டில் விறகடுப்பு. ஹால்வர் வீட்டில் நிலக்கரி. ரோஸலிண்ட் வீட்டில் பெரிய கணப்பு. ஆர்டிஸ் வீட்டில் ஒன்றுமில்லை என்பது நாலு வீட்டுக்கும் தெரியும். புதிதாக வந்த அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருந்தது, அதுதான் விசேஷம். அவள்தான் கைப்பிடியைச் சுழற்றினாள். ஒரு நீளம், இரண்டு குட்டை.

"மிஸஸ் ப்ரெக்கி, உங்க வீட்ல சூடு இல்லையே. எங்க வீட்டுக்கு வந்துடுங்க. வின்ஸ் டிராக்டர்ல வந்து கூட்டிட்டு வருவாரு."

"ஐயோ, வேண்டாம். உங்களுக்குக் குழந்தைங்க வேற இருக்கு. நான் போர்வையெல்லாம் எடுத்து வெச்சிருக்கேன்."

"நிச்சயமாவா?"

"என்னப் பத்திக் கவலப்படாதீங்க."

"சரி, அப்ப ஏதாவது வேணும்னா உடனே கூப்பிடுங்க."

அவ்வளவுதான் பேச்சு. ரோஸலிண்ட் வைத்துவிட்டாள். அதன் பிறகு கம்பியில் இரண்டு சத்தம், கிளிக், கிளிக் என்று. ஒன்று பெர்னிஸ், இன்னொன்று ஹால்வர். இருவரும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார்கள். அந்தச் சத்தம் ஆர்டிஸுக்கும் கேட்டிருக்கும், சந்தேகமே வேண்டாம். நாற்பது வருஷமாக அந்தக் கம்பியில் பேசுகிறவள், எந்தக் கிளிக் யாருடையது என்றுகூட அவளுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, இனி யாராவது கூப்பிடுவார்கள் என்று அவள் நினைத்திருப்பாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அந்த நேரத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. வேலிக் கம்பியை ஒட்டியே டிராக்டரில் போய் வரலாம். ஹால்வர் தன் மாடுகளைப் பார்க்க அன்று மாலை இரண்டு தடவை அப்படிப் போய் வந்தார் என்பதும் உண்மை.

பிறகு நான் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். மரியாதையாகக் கேட்கவில்லை. ஹால்வர் தொப்பியைக் கையில் திருகிக்கொண்டு, அது பெண்கள் பேசி முடிக்கிற விஷயம், பெர்னிஸ் பார்த்துக்கொள்வாள் என்று இருந்துவிட்டேன் என்றார். பெர்னிஸோ, அந்த அழைப்பு ரோஸலிண்டுடையது என்றாள். ஒருத்தி கூப்பிட ஆரம்பித்த விருந்தாளியை இன்னொருத்தி நடுவில் புகுந்து இழுக்கலாமா? அது எங்கள் ஊரில் பெரிய அவமரியாதை, உண்மைதான். இன்னொரு தடவை அவளே கூப்பிடுவாள் என்று காத்திருந்தாளாம். அதோடு, இவள் கூப்பிட்டால், நீ ரோஸலிண்ட் வீட்டுக்குப் போகவில்லையா என்று எப்படிக் கேட்பது? போகவில்லை என்பது இவளுக்கு எப்படித் தெரியும்? ஒட்டுக்கேட்டது வெளியே வந்துவிடுமே.

நன்றாக இருக்கிறதல்லவா நியாயம்? எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தில் சர்ச் என்றும் பார்க்காமல் அவளைப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

காற்று சனிக்கிழமை முழுக்க அடித்தது. ஞாயிறு காலை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அப்படியொரு குளிர், மூச்சு விட்டால் மூக்குக்குள்ளேயே உறைந்தது. ஆர்வில் விடிந்ததும் தெற்குச் சாலைக்குத்தான் முதலில் வண்டியை எடுத்தார், நான் கெஞ்சினேன் என்பதற்காக. மதியம் திரும்பி வந்தார். வாசலில் பூட்ஸைக் கழற்றாமல் அப்படியே நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

"படுக்கையில இல்ல" என்றார். "தொலைபேசிக்குக் கீழ நாற்காலி போட்டு உக்காந்திருந்தா. கோட்டு, தொப்பி, பூட்ஸ் எல்லாம் போட்டு ரெடியா. மடியில அந்தத் துணி மூட்டை."

துணி மூட்டைக்குள் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். பேரீச்சம்பழத் துண்டுகள். அவள் யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போனவள் இல்லை.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழறையில் சாப்பாடு. பன்றித் தொடைக்கறி வைத்த ரொட்டி, ஊறுகாய், பெரிய பானையில் காப்பி. கத்தோலிக்கச்சி எங்கள் சர்ச்சுக்கு வரமாட்டாள் என்று நினைத்தேன். ரோஸலிண்ட் வந்திருந்தாள், புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்து, நான் யாரென்றுகூடத் தெரியாமல், "அவங்க வேண்டாம்னு சொன்னாங்க. பெரியவங்க சொன்னா நம்பணும்னு நம்பிட்டேன்" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டேன். வேறென்ன செய்ய? அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பக்கத்து மேசையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. மெல்லிய குரலில், மரியாதையாக. ரோஸலிண்ட் "நிச்சயமாவா" என்று கேட்டாளே, அது இரண்டாவது அழைப்பாகக் கணக்கில் வருமா வராதா என்று. வரும் என்றார் ஒருவர், அப்படியென்றால் மிச்சம் ஒன்றுதான். அது விசாரிப்பு, அழைப்பில்லை என்றார் இன்னொருவர். செத்தவளை மேலே மண்ணில் வைத்துவிட்டு வந்து கீழே கணக்குப் போடுகிறார்கள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

அங்கே பெர்னிஸ் தனியாகக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் ஒரு துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

வெள்ளிக்கிழமை இருட்டுகிற நேரத்தில், ரோஸலிண்ட் மறுபடி கூப்பிட்டாளா என்று பார்க்க அவள் தொலைபேசியின் காதுக் கருவியை எடுத்தாளாம். மணி அடிக்கவில்லை, ஆனாலும் எடுத்தாளாம். கம்பியில் யாரும் பேசவில்லை. ஆனால் யாரோ இருந்தார்கள். மூச்சு கேட்டது. ஹால்வராகத்தான் இருக்கும், ஒட்டுக்கேட்கிறார் என்று முதலில் நினைத்தாளாம். அப்புறம் மூச்சுக்குப் பின்னால் கடிகாரம் கேட்டது. ப்ரெக்கி வீட்டுச் சுவர்க் கடிகாரம், ஒரு அடி நொண்டி நொண்டி அடிக்குமே, அது.

துடைத்த கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அவதான்னு தெரிஞ்சுது, வயோலா. அவளுக்கும் நான்தான்னு தெரிஞ்சிருக்கும். ரெண்டு பேரும் அப்பிடியே இருந்தோம். வந்துடு ஆர்டிஸ்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா சொன்னா, நான் கேட்டுட்டிருக்கேன்னு ஆயிடுமே."

"அவளுக்குத்தான் தெரியுமே, பெர்னிஸ்."

பெர்னிஸ் தலையாட்டினாள். தண்ணீருக்குள் கையை விட்டு இன்னொரு கோப்பையை எடுத்தாள். பிறகு, யாரோ அவளைப் பிடித்துத் தள்ளினது போல, மிச்சத்தையும் சொன்னாள். சனிக்கிழமை காலையில் மறுபடி எடுத்துப் பார்த்தாளாம். ஆர்டிஸ் வீட்டில் காதுக் கருவி இன்னும் மாட்டாமலே தொங்கியிருக்க வேண்டும். கடிகாரம் கேட்டது. கடிகாரம் மட்டும்தான் கேட்டது.

"அதுக்கப்புறம் என்ன பண்ணினே?" என்று கேட்டேன்.

"மெதுவா வெச்சுட்டேன்" என்றாள்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, பானையை எடுத்து, ஒரு கோப்பையை என் பக்கம் தள்ளினாள். காப்பி ஊற்றட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். உனக்குக் குளிராக இருக்கும், கொஞ்சம் குடி என்றாள். வேண்டாம் என்றேன். அவள் பானையைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. மூன்றாவது தடவையும் கேட்டாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு படியேறினேன்.